ஹோய் ஆனில் ஒரு பௌர்ணமிச் சொதி

வியட்நாமின் ஹோய் ஆன் ஊரில் 'ஹோம்ஸ்டே' என்று பலகை மாட்டாத தெருவே இல்லை. அவற்றில் நிறைய, பெயரை மாற்றிக்கொண்ட சின்ன லாட்ஜ்கள்தான். ரிசப்ஷனில் ஒரு பையன், பின்னால் தொட்டி அளவுக்கு ஒரு நீச்சல் குளம், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது கீழே குடும்பம் குடியிருந்து, மாடியறையை மட்டும் வாடகைக்கு விடும் வீடு. இணையத்தில் போடப்பட்டிருந்த படங்களில் நான் படுக்கையையோ பாத்ரூமையோ பார்க்கவில்லை. கூடத்தில் முன்னோர் படமும் ஊதுவத்திக் கிண்ணமும் வைத்த மாடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அது இருந்தால் உள்ளே ஒரு பாட்டியும் இருப்பாள் என்று ஒரு கணக்கு. இருந்தாள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதால்தான் இத்தனை யோசனை. 2020 மே மாதம், ஊரே அடைந்து கிடந்தபோது, மும்பை செம்பூர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வியட்நாமில் மீ சன் கோயில் சீரமைப்பின்போது இந்தியத் தொல்லியல் துறையினர் ஒற்றைக் கல்லாலான 9ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கத்தைக் கண்டெடுத்த செய்தி ஓடியது. "ஏட்டி, இதைப் போய்ப் பாக்கணும்" என்றாள். அதை விடவே இல்லை. இந்தியர்களுக்கு இ-விசா 25 டாலர்தான், டா நாங் விமான நிலையத்திலிருந்து, மீ சன் போய்வர வசதியான ஹோய் ஆன் சுமார் 30 கிலோமீட்டர் என்று தெரிந்தபின் மறுக்க எனக்கும் காரணம் இல்லை.

மீ சன் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும். மத்திய வியட்நாமில் இருந்த பழைய சாம்பா நாட்டு அரசன் பத்ரவர்மன் 4ஆம் நூற்றாண்டில் தன் பெயரைச் சேர்த்து, பத்ரேஸ்வரர் என்று சிவனை வைத்த இடம். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சு அங்கிருந்த மிகப் பெரிய கோபுரத்தைத் தரைமட்டமாக்கியது. அம்மா திருநீற்றைப் பொட்டலம் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். வெயில் கொளுத்தியது. கும்பிட்டோம், திரும்பினோம்.

வீட்டுக்கு வருகிறேன். போனதும் பாட்டியின் மருமகள் எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் வீட்டுக்காரர் போலீசில் பதிவு செய்தாக வேண்டும், அதற்காகத்தான். அம்மாவுக்கு மட்டும் அது கைக்குத் திரும்பும்வரை உயிரே இல்லை. அடுத்து வயதைக் கேட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் அக்காவா, அத்தையா, எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய முடியும். பாட்டி அம்மாவைவிட மூத்தவள் என்று தெரிந்ததும் அம்மா மேசையின் தலைப்பக்க நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

மெத்தை கிடையாது, மரக்கட்டிலில் பாய். அம்மா சந்தோஷமாகப் படுத்தாள், எனக்குத்தான் முதுகு வலித்தது. விடிகாலை 5 மணிக்கே தெருமுனை ஒலிபெருக்கியில் வார்டு அறிவிப்பு ஆரம்பித்துவிடும், ஆடி மாத அம்மன் கோயில் மைக் மாதிரி. மும்பை பாந்த்ரா-குர்லா அலுவலக வளாகத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் பழகிய எனக்கு, 6 மணிக்குச் சாயங்காலச் சாப்பாடு, 9 மணிக்கு விளக்கணைப்பு என்பதெல்லாம் ஆரம்பத்தில் தண்டனை. லாட்ஜ் என்றால் நம் நேரத்துக்கு வந்து போகலாம். வீடு அப்படி விடாது.

பெரிய சிக்கல் சாப்பாடு. நாங்கள் திருநெல்வேலிச் சைவம். அங்கே கீரை வதக்கலில்கூட 'நுவோக் மாம்' எனும் மீன் சாறு விழுந்துவிடும். நான் பயந்துகொண்டேதான் சொன்னேன். பாட்டி சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினாள். பௌத்தப் பழக்கமுள்ள வீடுகளில் சந்திரக் கணக்கின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறிதான். நல்ல கடுமையாக இருப்பவர்கள் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. எங்கள் அதிர்ஷ்டம், மறுநாள் பதினான்கு, அதற்கடுத்தது பௌர்ணமி. பதினான்காம் நாள் இரவில் பழைய ஊரின் மின்விளக்குகளை அணைத்துவிட்டுக் காகித, பட்டு விளக்குகளை ஏற்றுவார்கள். கூட்டம் மும்பை தாதர் ஸ்டேஷனைத் தோற்கடித்தது. அரை மணி நேரத்தில் வந்துவிட்டோம்.

பௌர்ணமி அன்று அம்மா, தான் சமைப்பதாகச் சைகையில் சொல்லிவிட்டாள். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு, சொதி! பாட்டியும் அம்மாவும் சந்தைக்குப் போனார்கள், நான் பை தூக்கினேன். தோலெடுத்த பாசிப்பருப்பு அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. தேங்காய், இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை, கேரட், உருளை, பீன்ஸ், எல்லாம் இருந்தது. முருங்கைக்காய் மட்டும் அகப்படவில்லை. தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று அம்மா தனித்தனியாக எடுத்து வைத்ததைப் பாட்டி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மூன்றாம் பாலில் காய் வெந்தது, பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்தன, கடைசியில் முதல் பாலை ஊற்றியதும் அம்மா அடுப்பை அணைத்தாள். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். மருமகள் ஏன் அணைத்தாய் என்று பதறி மறுபடி பற்றவைக்கப் போக, பாட்டி அவள் கையைத் தட்டிவிட்டாள்! தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. புளி இருந்தது, வெல்லத்துக்குப் பதில் பனஞ்சர்க்கரை.

பரிமாறும் முன் பாட்டி ஒரு கிண்ணம் சொதியும் சோறும் எடுத்து மாடத்தில் வைத்து ஊதுவத்தி ஏற்றினாள். அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய் அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். படத்தில் இருந்தவர் பாட்டியின் வீட்டுக்காரர், மீனவர். அவருக்குச் சைவச் சொதி பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். பாட்டியின் மகன் மூன்று தட்டு சாப்பிட்டார்.

அவரும் கடலுக்குப் போகிறவர்தான். ஆன் பாங் கடற்கரையில் மூங்கில் பரிசல் வைத்திருக்கிறார். சாணம் பூசிக் காயவைத்து, மேலே மரப்பிசின் தடவுவது அந்தக் காலத்து முறை, இப்போது ஃபைபர் பரிசல்களும் நிறைய. பக்கத்துக் குவா டாய் கடற்கரையைக் கடல் தின்றுகொண்டே வந்திருக்கிறது. மணல் மூட்டைகளை அடுக்கித் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆற்றங்கரை வீடுகளில் வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் கோடு போட்டு ஆண்டு எழுதிவைக்கிறார்கள். 1964ஆம் ஆண்டுக் கோடு ஒரு வீட்டில் என் தலைக்கு மேலே இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, 2005 ஜூலை 26 மும்பை வெள்ளக் கதையைத் தமிழிலேயே பாட்டிக்குச் சொல்ல ஆரம்பித்தாள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாள். அப்பா குர்லாவிலிருந்து செம்பூருக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துவந்தார். மருமகள் செல்போனில் மொழிபெயர்த்தாள். பாட்டி தன் பங்குக்கு, தண்ணீர் வந்தால் பிரிட்ஜையும் வண்டியையும் எப்படி மாடிக்கு ஏற்றுவார்கள் என்று நடித்தே காட்டினாள். நாங்கள் போனது மார்ச். ஹோய் ஆன் வழியே ஓடும் து போன் ஆறு பொங்குவது பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். அந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.