குளிர்கால சைக்கிள்: முதலில் இடைவெளியை அளக்க வேண்டும்

அக்டோபர் 4

குளிர்காலம் முழுக்க வேலைக்குப் போய்வர ரோடு பைக் தேடும்போது எடையும் கியரும்தான் முதலில் கண்ணில் படும். இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். கியர், சக்கரம், சீட் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை. டயரைச் சுற்றி எவ்வளவு இடம், மட்கார்டு பூட்டத் திருகுத் துளை உண்டா, என்ன வகை பிரேக்: இந்த மூன்றும் பிரேமோடும், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கோடும் வருபவை. வாங்கிய பிறகு அவற்றில் ஒன்றும் செய்ய முடியாது.

அக்டோபர் 6

28 மி.மீ. டயரோடு முழுநீள மட்கார்டு என்று வைத்துக்கொள்வோம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 10 மி.மீ. இருந்தால் நிம்மதி. அதைவிடக் குறைந்தால் ஈர இலையும் சேறும் உள்ளே அப்பிக்கொண்டு உரசும். முன்சக்கரத்தில் ஒரு குச்சி சிக்கினால் மட்கார்டு சுருண்டு சக்கரமே நின்றுவிடும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். அதனால் முன் மட்கார்டின் கம்பிகள் இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் பிடி உள்ளதாக இருக்கட்டும்.

அளக்க ஸ்கேல்கூட வேண்டாம். 10 மி.மீ. அலன் கீ (ஆறுமுகத் திருகுச் சாவி) டயருக்கு மேலே மூன்று இடங்களில் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள்: ஃபோர்க்கின் தலைக்குக் கீழே, பின்பிரேக் பாலத்துக்குக் கீழே, பெடல் அச்சுக்குப் பின்னால் செயின் ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்கள்) சேரும் இடத்தில். இறுக்கமாக நுழைந்தால் போதாது, மட்கார்டின் தடிமனுக்கும் இடம் வேண்டும். விவரக்குறிப்பில் ‘32 மி.மீ. டயர் வரை’ என்று இருந்தால், அது மட்கார்டு இல்லாமலா, சேர்த்தா என்று கேட்டே ஆகவேண்டும். 28 என்று அச்சிட்ட டயர் அகலமான ரிம்மில் ஏறினால் 30-ஐத் தொடும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

அக்டோபர் 7

நேற்று விட்டுப்போனது. குளிர்கால ஷூவைப் போட்டுக்கொண்டு, பெடலைக் கிடைமட்டமாக முன்னால் வைத்து, ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். மட்கார்டு வந்ததும் கால்விரல் முன்சக்கரப் பக்கம் இடிப்பது இன்னும் கூடும், சிறிய பிரேம்களில் மிக அதிகம். வழுக்கும் திருப்பத்தில் மெதுவாகப் போகும்போதுதான் இது ஆளைத் தள்ளும்.

அக்டோபர் 11

பிரேக். சக்கர விளிம்பை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் மழையில் முதலில் ரிம்மில் இருக்கும் நீரைத் துடைக்கிறது, அப்புறம்தான் பிடிக்கிறது. பிரேக் கட்டையில் பதிந்த மணல் அலுமினிய ரிம்மை அரைத்துக்கொண்டே இருக்கும். ரிம்மின் பக்கவாட்டில் தேய்மானம் காட்டும் சிறு பள்ளம் மறைந்துவிட்டால், அல்லது விரல் வைத்தால் குழிவாகத் தெரிந்தால், அந்த ரிம் முடிந்தது. டயரின் காற்றழுத்தமே சுவரைப் பிளந்துவிடும். சக்கர நடுவில் உள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில் தேய்வது தகடும் கட்டையும்தான், அவற்றைக் கழற்றிப் புதிது போடலாம். புதிதாக வாங்குபவருக்கு என் பரிந்துரை டிஸ்க்தான், தயக்கமே இல்லை.

ஆயில் டிஸ்க் கட்டை தேயத்தேயத் தானே சரிசெய்துகொள்ளும். கேபிள் டிஸ்க்கை அடிக்கடி நாமே முறுக்க வேண்டும். கேபிள் உறைக்குள் நீர் புகுந்து உறைந்தால் பிரேக் இழுக்காது, ஆனால் வீட்டிலேயே பழுது பார்த்துவிடலாம். ஆயில் டிஸ்க்கில் ஊற்றும் பிரேக் திரவங்களில் மினரல் ஆயிலும் டாட் திரவமும் வேறு வேறு. மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். மணலும் ஈரமும் சேர்ந்தால் ரெசின் கட்டை வேகமாகக் கரையும். உலோகக் கட்டை சத்தம் போட்டாலும் நீண்ட நாள் தாங்கும். ரெசினுக்கு மட்டும் என்று தகட்டில் பொறித்திருந்தால் அதில் உலோகக் கட்டை போடக்கூடாது.

ரிம் பிரேக்தான் கிடைக்கிறது என்றால் காலிப்பரின் (கட்டைகளைத் தாங்கும் பிடியின்) கை நீளத்தைப் பாருங்கள். 39–49 மி.மீ. வகையில் மட்கார்டு நுழைவது கடினம், 47–57 மி.மீ. வகையில் நுழையும்.

அக்டோபர் 15

சாலையில் உப்பு தூவும் ஊர்களுக்கு இது. இரும்பு பிரேம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். குழாய்களுக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைத் தெளித்து, பெடல் அச்சுக்குக் கீழே உள்ள வடிகால் துளையைத் திறந்தே வையுங்கள். இரும்பு பிரேமில் அலுமினிய சீட் போஸ்ட் இருந்தால் உப்புநீர் இரண்டையும் ஒட்டவைத்துவிடும். கிரீஸ் தடவுவதோடு, குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை உருவிப் பார்ப்பது நல்லது.

செயினுக்கும் உப்புநீரே எதிரி. புதிய செயினில் 24 கண்ணிகளை முள்ளிலிருந்து முள்வரை அளந்தால் 12 முழு அங்குலம், அதாவது 304.8 மி.மீ. 11 கியர் செயின் 306.3 ஆனதும் மாற்ற வேண்டும். 8, 9, 10 கியர் செயின் 307 வரை தாங்கும், விலையும் குறைவு. அதனால்தான் பின்னால் 9 அல்லது 10 பல்சக்கரம் போதும் என்கிறேன். செயினுக்குப் பதில் பெல்ட் மீது ஆசை இருந்தால், பின் முக்கோணம் பிரிந்து திறக்கும் பிரேமா என்று பாருங்கள். பெல்ட்டைச் செயின்போல வெட்டி இணைக்க முடியாது.

அக்டோபர் 19

20 டிகிரி சூட்டில் 70 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெளியே 0 டிகிரியில் ஏறத்தாழ 64 ஆகிவிடும். வீட்டுக்குள் அடித்துவிட்டு வெளியே ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

தரை பளபளவென்று உறையும் இடமானால் ஆணி டயர் தவிர வேறு வழியில்லை. ஆணி டங்ஸ்டன் கார்பைடாக இருக்கட்டும், சாதாரண எஃகு தார்ச்சாலையில் சீக்கிரம் மழுங்கும். முதல் 40, 50 கி.மீ. தூரத்தைத் தார்ச்சாலையில் பதமாக ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் அதை முன்னால் போடுங்கள். பின்சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் விழுவதுதான். ஆனால் இந்த டயர்கள் பெரும்பாலும் 30 மி.மீ.க்கு மேல்தான் கிடைக்கும். 6-ஆம் தேதி சொன்ன அலன் கீ சோதனையை அந்த அகலத்துக்கும் சேர்த்துச் செய்துவிட்டுப் பணம் கொடுங்கள்.