நிலவறையில் பாடிய பாட்டு

டூ-வாப் (வாத்தியம் போல வாயாலேயே ஒலியெழுப்பிக் குழுவாகப் பாடும் அமெரிக்கப் பாட்டு வகை) என்றாலே எனக்கு முதலில் ஃபைவ் சாட்டின்ஸ் குழுதான். 1956-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வைத்து ‘இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்’ பாடிப் பதிவு செய்தார்கள். குழுவினர் ‘ஷூ-டூ, ஷூ-பீ-டூ’ என்று இழுக்க, முன்னணிப் பாடகர் ஃப்ரெட் பாரிஸின் குரல் அதன்மேல் மிதக்கும். சாக்ஸபோன் வரும் இடம் கொஞ்சம் பிசிறடிக்கும். எனக்கு அந்தப் பிசிறும் வேண்டும்.

பழைய 45 சுழற்சி இசைத்தட்டிலிருந்து யாரோ இணையத்தில் ஏற்றிய கரகரப்பான பதிவைத்தான் நண்பர்களுக்கு அனுப்புவேன். இரைச்சல் நீக்கியதில் உயிரே இருப்பதில்லை. (போன் ஸ்பீக்கரில் கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.)

நேற்று அனுப்பியது மார்செல்ஸ் குழு 1961-இல் பாடிய ‘ப்ளூ மூன்’. தொடக்கத்தில் வரும் அந்த அடித்தொண்டை ‘பாம்ப-பாம்’ கேட்ட ஒருவர், “என்னய்யா, வாயாலேயே மேளமா?” என்றார். அடுத்து அவருக்கு ஃப்ளமிங்கோஸ் என்ற இன்னொரு டூ-வாப் குழு.