கை தூக்கிய பிறகு

குளத்தைப் பராமரிக்கும் எங்கள் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில், பழைய ஒருங்கிணைப்பாளர் விலகுகிறேன் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அந்த அமைதி தாங்காமல்தான் கை தூக்கினேன். லட்சியம் எல்லாம் ஒன்றுமில்லை. ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பொறுப்பைக் கையில் வாங்குவதுதான் இழுத்தடித்தது. வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றப் போனால், பழையவர் பெயரை நீக்கி என் பெயரைச் சேர்ப்பதாகத் தீர்மானத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் எழுதியிருந்தது "புதிய நிர்வாகிகள் தேர்வு செய்யப்பட்டனர்" என்ற ஒரே வரி. மறுபடி கூட்டம், மறுபடி தீர்மானம். அதுவரை கையுறை வாங்கியதெல்லாம் என் சொந்தக் காசில். பொறுப்புக்கு வர நினைக்கிறவர்கள், கூட்டம் கலையும் முன்பே தீர்மான வாசகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல், கருவிகள் இருக்கும் அறையின் சாவி, அனுமதிக் கடிதம் எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம், இவற்றையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, களப்பணிக்கு வருவோம். "ஞாயிறு காலை ஆகாயத்தாமரை எடுக்கிறோம், எல்லோரும் வாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. ஆட்கள் நான்கு பேர். சூழல் வாய்த்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிற செடி அது. நாங்கள் அடுத்த மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை மூடிக்கொண்டது. பிடுங்கியதைக் கரையிலேயே குவித்துவிட்டு வந்தது இன்னொரு முட்டாள்தனம். மழையில் பாதி மறுபடி தண்ணீருக்குள் போய்த் துளிர்த்தது. மூன்றாவது வாரம் இடுப்பு வலியோடு உட்கார்ந்து கோபமாக ஒரு செய்தி தட்டினேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

அதற்குப் பதிலாக ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "எனக்கு முட்டி வலி தம்பி, குனிய முடியாது. வேறு வேலை இருந்தா சொல்லுங்க, வர்றேன்." இத்தனை நாள் அவருக்கு அக்கறை இல்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அவரிடம் செக்கி வட்டைக் கொடுத்தேன். 20 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தட்டு. கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் 1865இல் செய்து பார்த்த முறை. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க இன்றும் இதுதான் எளிது. இப்போது அவர் தனி நோட்டுப் போட்டிருக்கிறார். வெயில் ஏறியபின் நான் படகை எடுத்து வந்தால் திட்டு விழும். தினமும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியுமாம்.

வண்டி வைத்திருப்பவருக்குப் பிடுங்கிய செடியைக் கொண்டுபோகும் வேலை, கணக்குத் தெரிந்தவருக்கு வரவுசெலவு. வங்கியிலும் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடும்படி மாற்றிவிட்டோம். ஞாயிறுகளில் இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். குளத்தில் பாதி இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நான்கு மாதம் இருக்கிறது. தீர்மான வாசகத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன், பழையவர் என்ற இடத்தில் என் பெயரோடு. புதியவர் பெயருக்கு மட்டும் கோடு போட்டு விட்டிருக்கிறேன்.