புல் ஓடுபாதையில் யூரோப்பா: கிளம்பும் தூரத்தைக் குறைக்கச் செய்து பார்த்தவை

யூரோப்பா, இங்கிலாந்தில் இவான் ஷா வடிவமைத்த, நாமே கட்டிக்கொள்ளும் இரண்டு இருக்கை ஃபைபர் விமானம். முதல் மாதிரி பறந்தது 1992இல். இங்கே எழுதுவது முன்சக்கரம் உள்ள ட்ரைகியர் வகையைப் பற்றி: 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின், தரையில் வைத்துக் கோணம் மாற்றக்கூடிய மூன்று இறக்கைப் புரொப்பெல்லர், இரண்டு பேரும் பெட்ரோலுமாக 580 கிலோ. வேகமாகப் பயணம் செய்வதற்கென்றே பிறந்த விமானம் இது. தார்ப்பாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈரப்புல்லில் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே எழாது.

எதையும் கழற்றுவதற்கு முன் அளக்கும் முறையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தரையை விட்டு எழும் வேகம் 50 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) என்றால் 5 நாட் எதிர்காற்று மட்டுமே ஓட்டத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடும், ஏனென்றால் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. நாம் தேடுவதோ 5 முதல் 10 சதவீத முன்னேற்றம். காற்று 2 நாட்டுக்கு மேல் இருக்கும் நாளில் எடுத்த அளவை நம்பிப் புதுப் பாகம் வாங்கினால் பணம்தான் வீண். பாதை ஓரத்தில் 25 மீட்டருக்கு ஒரு கூம்பு வைத்து, சக்கரம் தரையை விடும் இடத்தைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுப்பது போதும். கைபேசி ஜிபிஎஸ் இதற்கு உதவாது. எடை, வெப்பநிலை, காற்று, புல்லின் உயரம், மண் காய்ந்ததா ஈரமா என்பதை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது இழுவைச் சோதனை. செலவே இல்லை, ஆனால் மற்ற எதையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது இதுதான். 100 கிலோ வரை காட்டும் கொக்கித் தராசு ஒன்று, கொஞ்சம் கயிறு. கயிற்றை இரண்டு முக்கியச் சக்கரக் கால்களிலும் அடியில் கட்டி நடுவில் சேர்க்க வேண்டும். முன்காலில் கட்டக் கூடாது. நடக்கும் வேகத்தில் சீராக இழுக்கும்போது தராசு காட்டும் எண்ணே கணக்கு. அசையத் தொடங்கும்போது முள் எகிறுவதை விட்டுவிடலாம். ஒரே இடத்தில் இரு திசையிலும் இழுத்துச் சராசரி எடுப்பது கட்டாயம்: 2 சதவீதச் சரிவு இருந்தாலே 580 கிலோவுக்கு 11 கிலோவுக்கு மேல் பிழை வந்துவிடும்.

தாரில் 12 கிலோ அளவில் இழுபடும் விமானம், ஒட்ட வெட்டிய காய்ந்த புல்லில் 30 கிலோவை நெருங்கும். நீண்ட ஈரப்புல்லில் 60 கிலோவைத் தொடும். புரொப்பெல்லர் நின்ற நிலையில் கொடுக்கும் உந்துவிசை சுமார் 180 கிலோ என்று வைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கைப் புல்லே தின்றுவிடுகிறது. எஞ்சினில் இரண்டு குதிரைத்திறன் கூட்டப் பாடுபடுவதைவிடச் சக்கரத்தைக் கவனிப்பது ஏன் லாபம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

சக்கரத்தில் முதலில் பிரேக். விமானத்தை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக்கை அழுத்தி விட்டபின் மீண்டும் சுழற்றிப் பார்க்க வேண்டும். பேட் பின்வாங்காமல் டிஸ்க்கை உரசிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும். காலிப்பர் நகரும் ஊசிகளில் சேறு காய்ந்து பிடித்திருப்பதே பெரும்பாலும் காரணம். கழற்றித் துடைத்தால் தீர்ந்தது. டயர் காற்றைக் கையேடு தரும் வரம்பின் கீழ் எல்லைக்குக் கொண்டுவந்தால் மென்மையான மண்ணில் புதைவது குறையும். அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி ட்யூபின் வால்வைப் பிடுங்கிவிடும். டயருக்கும் ரிம்முக்கும் குறுக்காக ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அது உடையாமல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாக வேண்டும். சக்கர மூடிகளுக்குள் வெட்டிய புல்லும் சேறும் அடைத்து டயரையே பிரேக் போல அழுத்துகின்றன. டயரைச் சுற்றி ஒரு விரல் நுழையும் இடைவெளி இல்லையென்றால் மழைக்காலத்தில் மூடியைக் கழற்றி வைப்பதே நல்லது. பெரிய டயர் போட ஆசை இருப்பவர்கள் முதலில், பிரிட்டனில் இத்தகைய விமானங்களைக் கவனிக்கும் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனிடம் மாற்றத்துக்கான அனுமதி வாங்க வேண்டும்.

புரொப்பெல்லரில்தான் மிகப் பெரிய பலன் கிடைத்தது. பயண வேகத்துக்காகப் பிட்ச், அதாவது இறக்கையின் கோணம், கூடுதலாக வைத்திருந்ததால், நின்ற நிலையில் முழுத் த்ராட்டிலில் 4,950 ஆர்பிஎம்தான் வந்தது. 912 யூஎல்எஸ் தன் 100 குதிரைத்திறனைத் தருவது 5,800இல். அதுவும் 5 நிமிடம் மட்டும். தொடர்ந்து ஓட்டக்கூடிய உச்சம் 5,500. முழுத் த்ராட்டிலில் 5,200க்குக் கீழே எஞ்சினை இழுக்க வைப்பது ஓட்டத்துக்கும் கேடு, எஞ்சினுக்கும் கேடு. அதோடு, பிட்ச் அதிகமான இறக்கை குறைந்த வேகத்தில் ஸ்டால் ஆகி, அதாவது காற்றோட்டம் அதன் மேல் ஒட்டாமல் பிரிந்து, காற்றைக் கலக்கிக்கொண்டிருக்குமே தவிர, விமானத்தை இழுக்காது.

பிட்சைக் குறைக்கும் முன் ஆப்டிகல் டேக்கோமீட்டரால் ஆர்பிஎம் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு பிங் கார்ப்பரேட்டர்களின் த்ராட்டில் கையும் முழுதாகத் திறந்து தடையில் முட்டுகிறதா, குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக் முழுதாக விடுபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேபிள் ஒரு பக்கம் குறையாக இழுத்துக்கொண்டிருந்தால் பிட்சின் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை. பிறகு எல்லா இறக்கைகளிலும் நுனியிலிருந்து ஒரே தூரத்தில் குறி வைத்து, இறக்கையைக் கிடையாகத் திருப்பி, டிஜிட்டல் கோணமானியால் அளந்து, மூன்றும் 0.2 டிகிரிக்குள் ஒத்துப்போகும்படி அரை அரை டிகிரியாகக் குறைத்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் போல்ட்டுகளைப் புரொப்பெல்லர் கையேடு சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கி, லாக்புக்கில் எழுதி, இன்ஸ்பெக்டரிடம் காட்டி, எண்ணெய் 50 டிகிரி சூடான பிறகே முழுத் த்ராட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை டிகிரி குறைத்ததும் 5,350 வந்தது. இனியும் குறைத்தால் நேர்ப்பறப்பில் முழுத் த்ராட்டிலுக்கு 5,800ஐத் தாண்டிவிடும், அதனால் அங்கே நிறுத்தினோம். பயண வேகத்தில் சில நாட் போனது. குட்டையான பாதையிலிருந்து பறப்பவருக்கு இந்தப் பண்டமாற்று சரியானதே.

ஓட்டும் முறையிலும் ஒரு விஷயம் இந்த வகைக்கே உரியது. ட்ரைகியரின் முன்சக்கரம் தானாகத் திரும்பும் வகை. தொடக்கத்தில் திசை திருப்புவது பிரேக்கால்தான். வாலில் உள்ள திசைத்துடுப்பான ரட்டரைக் காற்று பிடிக்கும் வரை கால் நுனி பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுத்தால், கொடுத்த உந்துவிசையைத் திரும்பப் பிடுங்குவது போல. நேராக நிறுத்தி, முன்சக்கரத்தை ஒரு மீட்டர் உருட்டி நேராக்கிவிட்டு, த்ராட்டிலை மூன்று விநாடியில் சீராகத் தள்ளினால் பிரேக் தேவையே குறைந்துவிடும். ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுத் தடியை) பின்னால் வைத்து முன்சக்கரத்தின் பாரத்தைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். மென்மையான மண்ணில் அதிகம் புதைவது அந்தச் சின்னச் சக்கரம்தான். மூக்கு லேசாக எழுந்ததும் ஸ்டிக்கைத் தளர்த்திவிட வேண்டும். மேலும் தூக்கினால் சிறகின் இழுவை கூடி, வேகம் ஓரிடத்தில் நின்றுவிடும். பாதையின் கடைசியில் மரம் வரும், 50 நாட் வராது.

சிறகில் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர், அதாவது குறைந்த வேகத்தில் காற்றோட்டத்தைப் பிரியாமல் வைக்கும் சின்னத் தகடுகள், ஒட்டலாமா என்ற யோசனையைக் கைவிட்டோம். காற்று கலங்காமல் வழுக்கிப் போகும்படி வடிவமைத்த லாமினார் வகைச் சிறகில் அது பயண வேகத்தைத் தின்னும். முன்விளிம்பில் ஒட்டிய பூச்சியையும் புல் விதையையும் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் துடைப்பது அதற்குப் பதில்.

இவ்வளவு செய்தாலும் கணக்கை விட முடியாது. பிரிட்டன் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியின் பாதுகாப்புக் கையேடு தரும், கிளம்பும் தூரத்தைப் பெருக்க வேண்டிய எண்கள்: காய்ந்த புல்லுக்கு 1.2, ஈரப்புல்லுக்கு 1.3, 2 சதவீத ஏற்றத்துக்கு 1.1, வெப்பநிலை 10 டிகிரி கூடினால் 1.1, எடை 10 சதவீதம் கூடினால் 1.2. கடைசியில் பாதுகாப்புக்கு 1.33. தாரில் 50 அடி உயரம் எட்ட 300 மீட்டர் கேட்கும் விமானம், ஈரப்புல், 2 சதவீத ஏற்றம், 10 டிகிரி கூடுதல் வெயில் மூன்றும் சேர்ந்தால் 472 மீட்டர் கேட்கும். பாதுகாப்பும் சேர்த்தால் 628. எங்கள் பாதையின் நடுவில் இப்போது ஒரு வெள்ளைப் பலகை நிற்கிறது. அங்கே 35 நாட், அதாவது எழும் வேகத்தின் 70 சதவீதம், காட்டவில்லையென்றால் உடனே த்ராட்டிலை மூட வேண்டும். குளிர்காலத்தில் மூடி கழற்றிய சக்கரங்களோடு இழுவைச் சோதனையை மறுபடி செய்து, ஈரப்புல்லுக்கான எண்ணைப் பலகையிலேயே எழுதப்போகிறோம்.