இருமல் இல்லைன்னாலும் டிபி முதுகெலும்புல வரும்

மியான்மர்ல தன்லின்ங்குற ஊர்ல இருக்குற எங்க பெரியப்பாவுக்கு நடு முதுகுல வலி, மூட்டை தூக்குனதுதான்னு எல்லாரும் சொல்ல தைலம் மசாஜ்னு மாசக்கணக்கா ஓடிருச்சு, சாயங்காலமானா லேசா காய்ச்சல், ஆளும் இளைச்சிக்கிட்டே போறாரு, ஆனா இருமலே இல்ல, அதனால டிபின்னு யாருக்கும் தோணல.

எக்ஸ்ரேயும் நார்மல். இதுதாங்க பெரிய சிக்கல், எலும்பு 30 சதவீதத்துக்கு மேல கரைஞ்சாதான் எக்ஸ்ரேல தெரியவே தெரியும், எம்ஆர்ஐ ஸ்கேன்ல முன்னாடியே காட்டிரும் ஆனா அதுக்கு யாங்கோன் மாதிரி பெரிய ஊருக்குத்தான் போகணும், காசும் வேணும். எம்ஆர்ஐ பாத்தாலும் சில சமயம் கேன்சரா டிபியான்னு குழப்பம் வரும், அப்ப ஊசி விட்டு சதை எடுத்து பயாப்சி பண்ணித்தான் உறுதி பண்ணுவாங்க. பெர்சிவல் பாட்ங்குற இங்கிலீஷ் டாக்டர் 1779லயே எழுதி வச்ச நோய், இன்னும் லேட்டாத்தான் கண்டுபிடிக்கிறோம்ங்கிறது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

ஆபரேஷன் எல்லாருக்கும் தேவையில்ல. தண்டுவடம் அமுங்கி கால் பலம் குறைஞ்சாலோ, எலும்பு நொறுங்கி முதுகு வளைஞ்சாலோதான் கத்தி வைப்பாங்க, பெரியப்பாவுக்கு கால் தள்ளாட ஆரம்பிச்சதால செஞ்சாங்க. ஆபரேஷன் செஞ்சாலும் மாத்திரை பொதுவா 9லேர்ந்து 12 மாசம் சாப்பிட்டே ஆகணும், வலி போயிருச்சுன்னு பாதில நிறுத்துனா மருந்துக்கு அடங்காத டிபியா திரும்பி வரலாம். டிபி மாத்திரைல ஒண்ணான ரிஃபாம்பிசின் போட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், அதுக்கு பயந்து நிறுத்திராதீங்க.