முதலை வாய்ப் பிள்ளையும் எங்கள் இரட்டைப் பிள்ளைகளும்: அவிநாசி போய் வந்தோம்

அவிநாசியப்பருக்கு வேண்டிக்கொண்டது என் மாமியார்தான். நான் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாமல் கிடக்கிறேன், குழந்தைகள் இரண்டும் வேறு மாடியில் ஐசியூவில். "ரெண்டும் முழுசா வீடு வந்து சேரட்டும் சாமி, ரெண்டையும் தூக்கிட்டு வந்து உன்ற சன்னதியில படுக்கப் போட்டுப் பாலாபிஷேகம் பண்றேன்" என்று வராண்டாவில் நின்றபடியே மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாராம். போன வாரம்தான் அந்த வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு வந்தோம். குறைமாதக் குழந்தையை ஐசியூவில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் யாராவது இதைப் படிப்பார்கள் என்று நினைத்துத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திருப்பூரில் இருக்கிற எங்களுக்கு அவிநாசி பக்கத்து ஊர். கொங்கு நாட்டின் ஏழு தேவாரத் தலங்களில் ஒன்று. சின்ன வயதிலிருந்தே சித்திரைத் தேருக்கு அம்மிச்சி கையைப் பிடித்துக்கொண்டு போவேன், அந்தப் பெரிய தேர் அசைந்து வருவதை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையும் அப்போதே கேட்டதுதான். ஆனால் நானே பிள்ளை பெற்று, அதில் ஒன்று வீட்டிலும் ஒன்று ஆஸ்பத்திரியிலுமாக இருந்தபோதுதான் அந்தக் கதை எனக்குள் இறங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுந்தரர் சேரமான் பெருமாளைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகிற வழியில் திருப்புக்கொளியூர் வருகிறார், அதுதான் இன்றைய அவிநாசி. தெருவில் போகும்போது ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர் வீட்டில் அழுகை. என்னவென்று விசாரித்தால், சில வருஷங்களுக்கு முன்னால் ஐந்து வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது, தப்பி வந்தவனுக்கு இன்றைக்குப் பூணூல் கல்யாணம் என்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள், வந்திருப்பது சுந்தரர் என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, முகம் மலர்ந்து ஓடி வந்து காலில் விழுகிறார்கள். பிள்ளை போனது பழைய சங்கதி, உங்களைப் பார்க்கக் காத்திருந்தோம், நீங்களே வந்துவிட்டீர்கள் என்கிறார்கள். பெரியபுராணத்தில் இந்த இடத்தை என்னால் இன்றைக்கும் கண் கலங்காமல் படிக்க முடியாது. அதற்கப்புறம்தான் சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்று நாலாவது பாட்டில் கேட்கிறார், முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் விடுகிறது. இடையில் கழிந்த வருஷங்களின் வளர்ச்சியோடு வந்தானாம் அந்தப் பிள்ளை. அதே கையோடு அவனுக்கும் பூணூல் போட வைத்துவிட்டுத்தான் சுந்தரர் மலைநாட்டுக்குக் கிளம்புகிறார்.

என் பிள்ளைகள் பிறந்தது 31வது வாரத்தில். இரட்டைக் கர்ப்பத்தில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்னாலேயே பிரசவம் ஆகிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், ஆனால் இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் நினைக்கவில்லை. ராத்திரி பனிக்குடம் உடைந்து ஓடினோம். குழந்தைகளின் நுரையீரல் பக்குவப்படுவதற்காக எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, முடிந்த மட்டும் பிரசவத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். பையன் 1 கிலோ 420 கிராம், பெண் 1 கிலோ 130 கிராம். பையன் ஒரு முனகல் போட்டான். பெண்ணிடம் சத்தமே இல்லை, துணியில் சுற்றிக் கொண்டு ஓடிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்க்க வந்த சொந்தக்காரர்களில் ஒருத்தர், "ஏழாம் மாசம் பொறந்தாப் பொளைச்சுக்கும், எட்டாம் மாசம்னா தங்காதுன்னு சொல்லுவாங்க" என்று என் காது படவே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. குழந்தைகள் டாக்டரிடம் கேட்டே விட்டேன். அவர் கோபப்படாமல் உட்கார்ந்து சொன்னார்: வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான், எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையைவிட நன்றாகத்தான் இருக்கும், யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று. கர்ப்பிணியின் காதில், பிள்ளை பெற்றவள் காதில் இந்த மாதிரி வார்த்தையைப் போடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பெண்ணுக்குத்தான் கஷ்டம் அதிகம். நுரையீரலில் இருக்கிற காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நம் உடம்பே ஒரு திரவம் சுரக்குமாம், குறைமாதக் குழந்தைக்கு அது போதுமான அளவு இருக்காது. சர்ஃபாக்டன்ட் என்று அதையே மருந்தாகக் குழாய் வழியாக விட்டார்கள். அப்புறம் மூக்கில் சி-பாப், மூக்கு வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தோடு விட்டு மூச்சுக்கு உதவுகிற கருவி. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, கண்ணுக்குக் கட்டு. முதல் தடவை பார்க்கப் போனபோது முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். இன்குபேட்டரின் ஓட்டை வழியாக விரலை நீட்டினேன், அவள் உள்ளங்கையே என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது, அந்தக் கையால் என் விரல் நுனியைப் பிடித்தாள். பக்கத்தில் மானிட்டர் கத்தியது. சிஸ்டர் வந்து அவள் பாதத்தை ஒரு விரலால் சுண்டிவிட்டார், மூச்சு திரும்ப வந்தது. "மூச்சு விடறதுக்கு மறந்துடுவாங்க அம்மிணி, நாமதான் ஞாபகப்படுத்தோணும்" என்றார். காஃபீன் மருந்து கொடுப்பதும் இதற்குத்தான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

பால்தான் என் வேலை. ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு 1 மில்லி. ஆமாம், ஒரே ஒரு மில்லி, சிரிஞ்சில் எடுத்து வாய் வழியாக வயிற்றுக்குப் போகிற குழாயில் விடுவார்கள். மில்லி கணக்கில் பீய்ச்சி, பெயரும் நேரமும் எழுதி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்மா பூண்டும் கருவாடுமாகச் சமைத்துக் கொண்டுவருவார், எனக்குத் தொண்டையில் இறங்காது, ஆனாலும் பாலுக்காகச் சாப்பிடுவேன். பால் எடுக்கிற அறையில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம், யாரும் அதிகம் பேச மாட்டோம். அந்த நேரத்தில்தான் "பிள்ளை தரச்சொல்லு காலனையே" வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. மற்ற வரியெல்லாம் ஞாபகம் வராது, அந்த ஒரு அடியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கொஞ்சம் தேறியதும் கங்காரு முறையில் அணைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நெஞ்சோடு நெஞ்சாக, சட்டையில்லாமல், டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு. இது 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்த முறையாம், இப்போது உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நான் ஒருத்தியை வைத்திருந்தால் அவர் ஒருத்தனை வைத்திருப்பார். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, மகனை மார்பில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அப்படி வைத்திருக்கும்போது மானிட்டர் கத்துவது குறைந்ததை நானே பார்த்தேன்.

பையன் முதலில் வீட்டுக்கு வந்தான். ஆரத்தி எடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள், அவனை என் மடியில் வைத்தார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை. அத்தை என் தலையைத் தடவி, "வெசனப்படாத அம்மிணி, ரெண்டு வீட்டுச் சத்தமும் கேட்டவரு அவரு" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு தாங்கலாக இருந்தது என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. கதையில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு வீடும் என் ஒரே வீட்டுக்குள் இருந்தது. பையனுக்குப் பால் கொடுக்கிற சந்தோஷமும் பெண்ணை விட்டுவந்த துக்கமும் ஒரே நேரத்தில், ஒரே உடம்பில். பிள்ளை போன துக்கத்திலும் முகம் மலர்ந்து வாசலுக்கு வந்த அந்தத் தாயை அன்றைக்குத்தான் நான் நினைத்துப் பார்த்தேன்.

பெண்ணும் வந்துவிட்டாள். ஆனால் உடனே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கூட்டத்தில் கொண்டுபோகாதீர்கள், சளி பிடித்தால் தாங்க மாட்டார்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாமி காத்திருப்பார் என்று அத்தையே சொல்லிவிட்டார். குறைமாதக் குழந்தை வைத்திருக்கிறவர்கள் இரண்டு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று கண் பரிசோதனை. 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்னாலோ பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், விட்டால் பார்வையே போகலாம். இன்னொன்று வயசுக் கணக்கு. தடுப்பூசிக்குப் பிறந்த தேதி, ஆனால் கழுத்து நிற்பது, குப்புற விழுவது, தவழ்வதற்கெல்லாம் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். இது தெரியாமல் ஊரில், இன்னும் கழுத்து நிக்கலியா என்று கேட்டே கொன்றுவிடுவார்கள்.

சரி, கோயிலுக்கு வருகிறேன். விசேஷ நாள் இல்லாத நாளாகப் பார்த்துக் காலையில் போனோம். முதலில் வழியில் திருமுருகன்பூண்டி, சுந்தரரிடமிருந்த பொன்னையெல்லாம் சிவபெருமானே பூதகணங்களை வேடர்களாக அனுப்பிப் பறித்துத் திருப்பிக் கொடுத்த ஊர். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. அவிநாசியில் இரண்டு கோபுரம், சுவாமிக்கு ஏழு நிலை, அம்மனுக்கு ஐந்து நிலை. கோயிலுக்கு முன்னால் கல்லால் ஆன விளக்குத்தூண் நிற்கிறது, அதன் அடியில் முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிற மாதிரி செதுக்கியிருக்கிறது. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருப்பேன். இந்தத் தடவை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பெண்ணின் கையை எடுத்து அந்தக் கல்லைத் தொட வைத்தேன்.

சன்னதியில் வேண்டிக்கொண்டபடி பட்டுத்துணி விரித்து இரண்டு பேரையும் படுக்க வைத்தோம். அபிஷேகம் ஆரம்பித்தது. பித்தளைக் குடத்திலிருந்து பால் ஒரே தாரையாக லிங்கத்தின் மேல் இறங்குகிறது, எனக்கு அந்த 1 மில்லி சிரிஞ்சு கண் முன்னால் வந்துவிட்டது. எவ்வளவு பால்! கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதுவிட்டேன், அவரும் அழுதார். ஓதுவாரிடம் கேட்டுக்கொண்டோம், "எற்றான் மறக்கேன்" பதிகத்தை முழுக்கப் பாடினார். நாலாவது பாட்டு வரும்போது பையன் கையைக் காலை உதைத்துக்கொண்டு சத்தமாக ஒரு குரல் கொடுத்தான், அர்ச்சகர் சிரித்துவிட்டு அவன் நெற்றியில் திருநீறு இட்டார். இங்கே கருணாம்பிகை சன்னதி சுவாமிக்கு வலது பக்கம். அம்மன் முன்னால் பெண்ணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இவள் மூச்சை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் தாயே என்று மட்டும் கேட்டேன்.

அங்கிருந்து தாமரைக்குளத்துக்குப் போனோம், கோயிலிலிருந்து கொஞ்ச தூரம்தான், முதலை பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட இடம் என்கிறார்கள், கரையில் சுந்தரருக்குக் கோயில் இருக்கிறது. நாங்கள் போன நேரம் அங்கே ஒருத்தரும் இல்லை. கரையில் நிற்கும்போது இடையில் கழிந்த வருஷங்களின் வளர்ச்சியோடு அந்தப் பிள்ளை வந்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வயிற்றில் இருந்திருக்க வேண்டிய வாரங்களை இவர்கள் இரண்டு பேரும் கண்ணாடிப் பெட்டிக்குள் கழித்தார்கள். அந்த நாட்களின் வளர்ச்சியையும் சேர்த்துத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறான் என்று நான் முழுசாக நம்புகிறேன். டாக்டரும் சிஸ்டர்களும் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை, பாதத்தைச் சுண்டி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்த அந்த விரலையும் அவன்தான் அனுப்பினான்.

முதல் மொட்டை குலதெய்வம் கோயிலில்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காதுகுத்து. அது அடுத்த வருஷம், டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்வோம்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் இருந்த அதே ஐசியூவில் குழந்தையை விட்டிருக்கிற ஒரு தங்கச்சி, இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம், அவள் குழந்தை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, 27 வாரத்தில் பிறந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதால் அம்மா பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்து, திருநீற்றை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நேற்றுப் போன் செய்தாள், சி-பாப் எடுத்துவிட்டார்களாம், பால் ஒரு வேளைக்கு 8 மில்லி ஆகியிருக்கிறதாம். உங்களில் யாராவது இந்தப் பக்கம் அவிநாசி போனால், அந்தக் குழந்தைக்காகவும் ஒரு விளக்குப் போடுங்கள்.