விசிபி-என்வி தேர்வு: பாக்கெட் திரும்பி வரும் பாதையையும் படியுங்கள்

விஎம்வேரின் விசிபி-என்வி (நெட்வொர்க் விர்ச்சுவலைசேஷன் சான்றிதழ்) தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும், ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினின் வாசலிலும் காவல் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டட் ஃபயர்வாலில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். விஎம்வேரின் நெட்வொர்க் மென்பொருளான என்எஸ்எக்ஸுக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதான், படிக்கவும் சுலபம். ஆனால் நான் பார்த்தவரை மதிப்பெண் கரைகிற இடம் வேறு. விர்ச்சுவல் மெஷினில் (விஎம்) கிளம்பும் பாக்கெட், வெளி நெட்வொர்க்குக்கு வாசலான எட்ஜ் நோடு வழியாக வெளியே இருக்கும் நிஜ ரூட்டரைத் தொட்டு, பதிலோடு திரும்பி வருகிற 'வடக்கு-தெற்கு' பாதைதான் அது. இதில் தெளிவு வந்துவிட்டால் பிஜிபி (ரூட்டர்கள் தங்களுக்குள் ரூட்டுகளைப் பரிமாறும் புரோட்டோகால்), ஹை அவைலபிலிட்டி, எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), ட்ரபிள்ஷூட்டிங் என்று நாலு தலைப்பில் வரும் கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். இடது பக்கம் ஒரு இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம்கள் ஓடும் சர்வர்), நடுவில் எட்ஜ் நோடு, வலது பக்கம் நிஜ ரூட்டர். விஎம்கள் பக்கம் இருக்கும் டியர்-1, வெளி ரூட்டர் பக்கம் இருக்கும் டியர்-0 என்ற இரண்டு கேட்வேக்கும் டிஆர் (டிஸ்ட்ரிபியூட்டட் ரூட்டர்) என்ற பகுதி எல்லா ஹோஸ்டிலும் எட்ஜிலும் பரவி இருக்கும். எஸ்ஆர் (சர்வீஸ் ரூட்டர்) என்ற பகுதி எட்ஜ் நோடில் மட்டும்தான். டியர்-1இல் நேட் (முகவரி மாற்றம்) போன்ற சேவை எதுவும் வைக்காமல், எட்ஜ் கிளஸ்டரும் (எட்ஜ் நோடுகளின் குழு) கொடுக்காமல் இருந்தால் அதற்கு எஸ்ஆரே கிடையாது.

இப்போது பாக்கெட்டை நகர்த்துங்கள். விஎம்மில் இருந்து கிளம்பி, அதே ஹோஸ்டிலேயே டியர்-1 டிஆர், டியர்-0 டிஆர் இரண்டையும் தாண்டிவிடும். அதன்பிறகுதான் ஜெனீவ் என்ற என்கேப்சுலேஷன் உறைக்குள் நுழைந்து, யூடிபி 6081 போர்ட்டில், ஹோஸ்டின் டெப் (டனல் எண்ட்பாயின்ட்) முகவரியிலிருந்து எட்ஜின் டெப்புக்குப் போகும். அங்கே உறை கழன்று, டியர்-0 எஸ்ஆர் வழியாக, வெளி ரூட்டரோடு இணைக்கும் விலான் அப்லிங்கில் சாதாரண பாக்கெட்டாக வெளியேறும். பதில் வரும்போது டியர்-0, டியர்-1 ரவுட்டிங் முழுவதும் எட்ஜிலேயே முடிந்து, அதன்பின் ஜெனீவில் ஏறி ஹோஸ்டுக்கு வரும். போகும்போது வேலை ஹோஸ்டில், வரும்போது எட்ஜில். டியர்-0, டியர்-1 இடையே 100.64.0.0/16, டியர்-0இன் டிஆர், எஸ்ஆர் இடையே 169.254.0.0/24 என்ற இயல்பு முகவரிகளையும் அந்தப் படத்திலேயே எழுதிவிடுங்கள். பார்க்காமல் வரைய வருகிற வரைக்கும் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

அலுவலகத்தில் கூடப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, பிஜிபி எஸ்டாப்ளிஷ்டுன்னு காட்டுது. ட்ரேஸ்ஃப்ளோவும் அப்லிங்க் வரைக்கும் பச்சையா இருக்கு. ஆனா விஎம்ல இருந்து வெளிய பிங் போட்டா பதிலே வரல." (ட்ரேஸ்ஃப்ளோ என்பது பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் என்எஸ்எக்ஸ் கருவி.) தேர்வில் வரும் கேள்விகளிலும் இது ஒரு முக்கியமான வகை. நிஜ ரூட்டரில் பிஜிபி ரூட் டேபிளைப் பார்க்கச் சொன்னேன். விஎம் இருக்கும் 10.10.10.0/24 அங்கே இல்லை. வெளியே போகிற பாக்கெட்டுக்கு டீஃபால்ட் ரூட் இருக்கிறது, போய்விடுகிறது. பதிலை எங்கே அனுப்புவது என்று அந்த ரூட்டருக்குத் தெரியவில்லை. பிஜிபி செஷன் நிலைத்திருக்கிறது என்றால் டிசிபி 179இல் இரண்டு பக்கமும் பேசிக்கொள்கின்றன என்பது மட்டும்தான் உறுதி.

ஒரு செக்மென்ட் (விஎம்கள் இணையும் என்எஸ்எக்ஸ் நெட்வொர்க்) வெளியே தெரிய இரண்டு அனுமதி வேண்டும். டியர்-1இல் ரூட் அட்வர்டைஸ்மென்ட் (டியர்-0க்குச் சொல்ல), டியர்-0இல் ரூட் ரீடிஸ்ட்ரிபியூஷன் (பிஜிபிக்குள் விட). டியர்-1க்கும் டியர்-0க்கும் இடையில் ரவுட்டிங் புரோட்டோகால் எதுவும் ஓடுவதில்லை, என்எஸ்எக்ஸ் மேனேஜரே ரூட்டுகளைப் பொருத்திவிடுகிறது. இதைப் படித்ததும் டியர்-0க்குத் தெரிந்த எல்லாம் பிஜிபியிலும் போய்விடும் என்று நினைத்துவிடுகிறோம். போகாது, ரீடிஸ்ட்ரிபியூஷனில் டியர்-1 கனெக்டட் செக்மென்டுகளைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டியர்-0 ஆக்டிவ்-ஆக்டிவா (எல்லா எட்ஜும் ஒரே நேரத்தில் வேலை செய்வது), ஆக்டிவ்-ஸ்டாண்ட்பையா (ஒன்று வேலை செய்ய இன்னொன்று காத்திருப்பது) என்ற கேள்விக்கும் திரும்பும் பாதையே விடை சொல்லும். ஆக்டிவ்-ஆக்டிவில் எட்டு எட்ஜ் நோடு வரை ஈசிஎம்பி ஆக (சமமான பாதைகளில் டிராஃபிக்கைப் பகிர்ந்து) வேலை செய்யலாம். ஒரு எட்ஜில் வெளியேறிய செஷனுக்கு இன்னொரு எட்ஜில் பதில் வரலாம், செஷன் விவரம் அந்த எட்ஜிடம் இருக்காது. அதனால்தான் செஷனை நினைவில் வைக்கும் ஸ்டேட்ஃபுல் நேட்டை டியர்-0இல் வைக்க ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை வேண்டும், அல்லது நேட்டை டியர்-1க்கு இறக்க வேண்டும். என்எஸ்எக்ஸ் 4.0.1 முதல் ஸ்டேட்ஃபுல் ஆக்டிவ்-ஆக்டிவும் வந்துவிட்டது. பழைய நோட்ஸை வைத்துப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கவனம்.

எம்டியுவைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. விஎம் 1500 பைட் பாக்கெட் அனுப்பினால் ஜெனீவ் உறை அதற்கு மேல் ஏறும். அதனால் டெப் நெட்வொர்க் முழுக்கக் குறைந்தது 1600 வேண்டும், பரிந்துரை 1700. நடுவில் ஒரே ஒரு ஸ்விட்ச் 1500இல் நின்றாலும் போதும்: சின்ன பிங் போகும், எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகும், பெரிய ஃபைல் காப்பி மட்டும் அப்படியே நின்றுவிடும். கேள்வியில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஃபயர்வால் பக்கம் போகவே வேண்டாம். ஹோஸ்டில் விஎம்கேபிங் (இஎஸ்எக்ஸ்ஐயின் பிங் கட்டளை) கொடுங்கள்: விஎக்ஸ்லேன் என்ற நெட்ஸ்டாக், ஃப்ராக்மென்ட் செய்யாதே என்ற ஆப்ஷன், அளவு 1572. ஏன் 1572? 1600இல் ஐபி ஹெடர் 20, ஐசிஎம்பி ஹெடர் 8 கழிந்துவிடும்.

விலானையும் செக்மென்டையும் ஒரே சப்நெட்டாக இணைக்கும் பிரிட்ஜ் பற்றி அதிகம் வேண்டாம். 'ஐபி மாற்ற முடியாத நிஜ சர்வர்', 'அதே சப்நெட்' என்ற சொற்கள் வந்தால் எட்ஜ் பிரிட்ஜ். சப்நெட் வேறு என்றால் கேட்வே. எட்ஜ் விஎம்மில் பிரிட்ஜ் வைத்தால் போர்ட் குரூப்பில் ஃபோர்ஜ்டு ட்ரான்ஸ்மிட்ஸும், கூடவே ப்ராமிஸ்குவஸ் மோடு அல்லது மேக் லேர்னிங்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

லேப் இல்லாமல் இந்தத் தேர்வுக்குப் போகாதீர்கள். விஎம்வேர் ஹேண்ட்ஸ்-ஆன் லேப்ஸ் பிரவுசரிலேயே ஓடும், ஆரம்பத்துக்கு அது போதும். வீட்டில் 128 ஜிபி ரேம் உள்ள மெஷின் கிடைத்தால் நெஸ்டட் இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்முக்குள் ஓடும் இஎஸ்எக்ஸ்ஐ), மேனேஜர், மீடியம் அளவில் ஒரு எட்ஜ் போட்டு, நிஜ ரூட்டருக்குப் பதில் வியோஸ் என்ற மென்பொருள் ரூட்டரை வைத்துக்கொள்ளலாம். கட்டி முடித்ததும் ஒவ்வொன்றாக உடையுங்கள்: பிஜிபியின் ஏஎஸ் எண்ணை மாற்றுங்கள், அப்லிங்க் விலானை மாற்றுங்கள், ரீடிஸ்ட்ரிபியூஷனை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் எட்ஜில் 'கெட் லாஜிக்கல்-ரவுட்டர்ஸ்' கொடுத்து டியர்-0 எஸ்ஆரின் விஆர்எஃப்புக்குள் (அதன் தனி ரூட் டேபிள்) நுழைந்து, 'கெட் பிஜிபி நெய்பர் சம்மரி' என்ன காட்டுகிறது என்று குறித்துவையுங்கள்.

நான் எழுதியபோது 70 கேள்விகள், 135 நிமிடம், 500க்கு 300 எடுத்தால் தேர்ச்சி. விஎம்வேர் பிராட்காம் கைக்கு வந்தபின் தேர்வுகளின் பெயரும் எண்ணும் மாறுகின்றன, பதிவு செய்யும் நாளில் தேர்வு வழிகாட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். 'இரண்டைத் தேர்ந்தெடு' வகைக் கேள்விகளில் நேரம் நிறையப் போகும். ஹாலில் எழுதப் பலகை தருவார்கள். ஆன்லைனில் எழுதினால் திரையிலேயே வரையும் வசதி இருக்கும். முதல் கேள்வியைத் திறந்த உடனே அந்த ஹோஸ்ட்-எட்ஜ்-ரூட்டர் படத்தை அதில் வரைந்துவிடுங்கள், வடக்கு-தெற்குக் கேள்வி வரும்போதெல்லாம் அதன்மேல் விரலை வைத்து நகர்த்திப் பார்க்கலாம்.